தண்ணீர் எங்கே நிற்கிறது?

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியதையும் ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகள் மாட்டிக்கொண்டதையும் எல்லோரும் டிவியில் பார்த்திருப்பீர்கள். எங்கள் ஊரும் தாமிரபரணி ஓரம்தான், செய்தியில் வரும் அளவுக்குப் பெரிய ஊர் இல்லை. தெருவில் இடுப்பளவு தண்ணீர், குடிக்க ஒரு செம்பு இல்லை.

வெள்ளம் வடிந்து, போனில் சிக்னல் வந்ததும் மாவட்டப் பேரிடர் உதவி எண்ணான 1077க்கு அடித்தேன். எடுத்தவர் பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டு, "சம்பந்தப்பட்ட துறைக்குச் சொல்லிடுறோம்" என்றார். எந்தத் துறை என்று கேட்காமல் வைத்துவிட்டேன். அப்படியே இரண்டு நாள் போனது.

வழி காட்டியவர் எங்கள் ஊர்த் தொட்டிக்கு மோட்டார் போடும் அண்ணாச்சி. "தண்ணி எங்கன நிக்குன்னு தெரியாம யாருட்டப்பா போய்க் கேப்ப?" என்று தொட்டிப் படியில் உட்கார வைத்து விளக்கினார். ஆற்றுக்குள் இருக்கும் உறைகிணறும் நீரேற்று நிலையமும் பெரிய குழாயும் குடிநீர் வடிகால் வாரியத்துடையவை. அங்கே ஓடும் மோட்டாருக்குக் கரண்ட் தருவது மின்வாரியம். ஊருக்குள் இருக்கும் மேல்நிலைத் தொட்டியும் தெருக்குழாயும் ஊராட்சி. லாரித் தண்ணீருக்கு வி.ஏ.ஓ. எழுதும் பட்டியல் தாலுகா ஆபீஸுக்குப் போகும். குளோரின் பார்ப்பது சுகாதாரத் துறை. வீட்டுக் குழாயைத் திறப்பவனுக்கு இதெல்லாம் ஒரே 'கவர்மெண்ட்'!

அப்புறம் நான் கேள்வியை மாற்றினேன். தண்ணீர் எப்போது வரும் என்று யாரையும் கேட்கவில்லை, எது வரைக்கும் வந்திருக்கிறது என்று கேட்டேன். நீரேற்று நிலையத்தில், மோட்டாரைக் கழற்றிச் சேறு கழுவிக் காயவைத்து மாட்டியாகிவிட்டது, கரண்ட் வந்தால் ஓட்டிவிடலாம் என்றார்கள். லைன்மேனைப் பிடித்தேன். பாவம், சரியாகத் தூங்கி எத்தனை நாளோ. கம்பமும் ஆளும் தயார், ஆனால் ஆற்றுக்குப் போகும் மண்பாதை அரித்துப் போய்விட்டது, கம்பம் ஏற்றிய லாரி அதில் இறங்காது என்றார்.

பாதையைச் சீர்செய்ய வேண்டிய அலுவலகத்துக்கு அண்ணாச்சியும் நானும் பைக்கில் போனோம். "அது வாழைத்தோப்புக்குப் போற பாதைதானே சார், ஊர் ரோடெல்லாம் முடியட்டும்" என்றார் அங்கிருந்தவர். அந்தப் பாதையின் கடைசியில்தான் நீரேற்று நிலையம் இருக்கிறது, அதை நம்பிப் பல ஊர்கள் இருக்கின்றன என்பது அவருடைய பட்டியலில் இல்லை. அவரைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. அவரிடம் இருந்தது பாதைகளின் பட்டியல், அதில் தண்ணீருக்கு இடமே இல்லை. அண்ணாச்சி சொன்னதும் எழுந்து போய் யாருக்கோ போன் போட்டார். மறுநாள் காலையில் ஜேசிபி வந்தது, அன்று மாலையே கம்பம் நட்டார்கள்.

இதற்கு நடுவே தண்ணீர் லாரி இரண்டு தடவை வந்தது. கீழத்தெருவோடு காலியாகிவிட்டது. அந்தச் சண்டையை இங்கே எழுதினால் நான் ஊருக்குள் போக முடியாது.

குழாயில் முதலில் காற்று சீறியது, பிறகு டீ நிறத்தில் தண்ணீர். தண்ணீர் வந்துவிட்டது, பிடித்துக்கொள்ளுங்கள் என்று ஆட்டோ மைக்கில் ஊராட்சி அறிவிப்பு. அதே நேரம் சுகாதார ஆய்வாளர் எங்கள் வீட்டுக் குழாயில் பிடித்த தண்ணீரில் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார். குளோரின் இருந்தால் மஞ்சளாக மாற வேண்டும், மாறவில்லை. குழாய்முனையில் லிட்டருக்கு 0.2 மி.கி.யாவது இருக்க வேண்டுமாம். குடிக்காதீங்க, காய்ச்சினாலும் முதல் நாள் தண்ணீர் வேண்டாம் என்றார். மைக்கோ அடுத்த தெருவில் பிடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் ஓடிப்போய் ஆட்டோவை மறித்து, ஆய்வாளரையே மைக்கில் பேச வைத்தேன்.

இப்போது தொட்டிச் சுவரில் அண்ணாச்சி நீலப் பெயிண்டில் ஐந்து போன் நம்பர்களை எழுதி வைத்திருக்கிறார். அதில் ஒன்று போன மாசம் மாறிவிட்டது. பெயிண்ட் வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.