பாதி முகத்து வியர்வை

மே 20
சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பியாச்சு, எங்கள் பரோட்டாக் கடையில் கூட்டம் குறைந்திருக்கிறது. அண்ணன் பரோட்டாக் கல்லில் நிற்பதை இன்றைக்குத்தான் உட்கார்ந்து பார்த்தேன். வலது பக்க முகத்தில் வியர்வை ஊற்றுகிறது. இடது பக்கம் காய்ந்து கிடக்கிறது. “அண்ணனுக்கு ஒரு பக்கம் மட்டும் ஏசி” என்று ஒரு வருஷமாக நாங்கள் கேலி செய்ததுதான். இடது இமையும் கொஞ்சம் சரிந்திருக்கிறது. தெருமுனை டாக்டர் தூக்கம் போதவில்லை என்று சொல்லி சத்து மாத்திரை எழுதியிருந்தார்.

மே 23
மதினி பிடிவாதமாகக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டரம்மா விளக்கை அணைத்து, பக்கவாட்டில் சின்ன டார்ச் பிடித்தார். இருட்டுக்கு வலது கண்பாவை உடனே விரிந்தது. இடது தயங்கித் தயங்கி விரிந்தது, அதுவும் பாதிதான். ஒரு சொட்டு மருந்து விட்டு ஒரு மணி நேரம் உட்காரவைத்தார்கள். சரிந்த இமை எழும்பிவிட்டது! குணமாகிவிட்டதென்று நான் சந்தோஷப்பட்டேன். அப்படி எழும்புவதுதான் நோய்க்கு அடையாளமாம். இமை சரிந்து, கண்பாவை சுருங்கி, முகத்தில் ஒரு பக்கம் வியர்க்காமல் போகும் இந்த நோய், ஹார்னர் என்ற சுவிஸ் கண் டாக்டர் 1869-லேயே எழுதிவைத்தது.

இமையைத் தூக்கவும் கண்பாவையை விரிக்கவும் முகம் வியர்க்கவும் உதவுகிற நரம்பு மூளையிலிருந்து நேரே கண்ணுக்கு வருவதில்லை. கழுத்துத் தண்டுவடம் வழியாக நெஞ்சின் உச்சிவரை இறங்கி, நுரையீரல் முனையைத் தாண்டி, கழுத்து ரத்தக்குழாயைப் பிடித்துத் திரும்ப மேலே ஏறுகிறது. மதுரையில் சிம்மக்கல்லில் இருந்து பக்கத்தில் இருக்கும் கோரிப்பாளையம் போக, தள்ளியிருக்கும் திருப்பரங்குன்றம் சுற்றுகிற மாதிரி. வழியில் எங்கே அடைத்தாலும் கண்ணில் தெரிந்துவிடும்.

“கையில் சூட்டுத் தழும்பு இருக்கா?” என்று டாக்டரம்மா கேட்டார். இடது கையில் நாலு. எப்போது பட்டதென்று அண்ணனுக்கே தெரியவில்லை. பரோட்டா மாஸ்டர் கையில் தழும்பு இல்லாமலா என்று நாங்களும் விட்டிருந்தோம். பஞ்சால் தடவினால் தெரிந்தது. ஊசியால் குத்தினால், “தொடுறீங்க, அவ்வளவுதான்” என்றார். மதினி முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

மே 27
கழுத்தில் எம்ஆர்ஐ. தண்டுவடத்துக்குள்ளேயே நீளமாக ஒரு நீர்ப்பை. சிரிங்கோமயீலியா என்று பெயர். சிறுமூளையின் அடிப்பகுதி கீழே இறங்கி, தண்டுவட நீர் ஓடும் வழியை அடைத்திருக்கிறது. வலியும் சூடும் கொண்டுபோகும் இழைகள் தண்டுவடத்தின் நடுவே குறுக்கே கடப்பதால் முதலில் நசுங்குவது அவைதானாம். தொடு உணர்வு பின்பக்கமாகப் போவதால் தப்பித்தது.

ஜூன் 2
ஆபரேஷன் அடுத்த வாரம். அடைப்பை எடுத்தால் நீர்ப்பை சுருங்கலாம். போன உணர்வு முழுதாகத் திரும்புமென்று யாரும் சொல்லவில்லை. அண்ணன் இப்போது கல்லாவில், கல்லில் நான். “கல்லு காயலடா, தண்ணி தெளிச்சுப் பாரு” என்று அங்கிருந்தே சத்தம் போடுகிறார். முதல் ஈடு வேகவே இல்லை.