தராசின் முன் சொன்ன சொல்

மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் இடைப்பட்ட கடலோர ஊர்களில் நான் கிராம சுகாதார செவிலியராக இருந்தபோது நடந்தது. மூன்றாம் மாதத்தில் பதிவுக்கு வந்த ஒரு பெண்ணை எடை மெஷினில் ஏற்றினேன். 84 கிலோ, உயரம் 152 சென்டிமீட்டர். பின்னால் பத்துப் பேர் நின்றார்கள். "இவ்வளவு எடைய வச்சுக்கிட்டு எப்படிம்மா புள்ள பெத்துக்கப் போறே? சோத்தைக் குறை" என்றேன். அக்கறையில்தான் சொன்னேன். குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டிய சர்க்கரைச் சோதனைக்குக்கூட நிற்காமல் போய்விட்டாள். அப்புறம் வரவேயில்லை.

ஆறாம் மாதம் வீட்டுக்கே போனேன். வாசலில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. "ராத்திரிச் சாப்பாட்டை விட்டுட்டேன்க்கா, நீங்க சொன்னீங்கள்ல" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்தது. கர்ப்பம் எடையைக் குறைக்கும் காலம் இல்லை. இவளைப் போன்றவர்களுக்கு பத்து மாதத்திலும் சேர்த்து 5 முதல் 9 கிலோ கூடினால் போதும் என்பதுதான் கணக்கு. பட்டினி அதில் இல்லை. அதை நான் அன்று சொல்லவே இல்லையே.

மறுநாள் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்துப் பார்த்தோம். 140க்குள் இருக்க வேண்டியது 168. பிரஷர் 150/100 காட்டியது. எங்களிடம் இருந்த பட்டை அவள் கைக்குச் சிறியது. பருமனான கையில் சின்னப் பட்டை கட்டினால் அளவு கூடுதலாகத்தான் காட்டும். பெரிய பட்டை தேடிக் கட்டியதும் 136/86. அதற்காக அலட்சியமாக இருக்க முடியாது. எடை கூடிய தாய்க்குப் பிரஷர் ஏறிவிடும் வாய்ப்பு அதிகம். சர்க்கரை கட்டுப்படாவிட்டால் குழந்தை பெருத்து, பிரசவத்தில் தோள் சிக்கிக்கொள்ளலாம். அதனால் ராமநாதபுரத்துக்கு அனுப்பினோம், பிரசவமும் அங்கேயே என்று முடிவானது.

சாப்பாட்டைப் பற்றி இந்த முறை உட்கார்ந்து பேசினோம். மீன் குழம்பு தாராளமாக, சோறு அளவாக. கருவாடும் ஊறுகாயும் உப்பு, அதனால் எப்போதாவது. கருப்பட்டிக் காப்பி சர்க்கரையில் சேராது என்றே அவள் நம்பியிருந்தாள். அந்தப் பேச்சுக்கு மட்டும் அரை மணி நேரம் ஆனது. வெயில் தாழ்ந்ததும் கரையோரம் நடை.

ஆபரேஷன்தான். குழந்தை 3.4 கிலோ, நலம். இப்படிப்பட்ட தாய்மார்களுக்குத் தையல் சீழ் பிடிக்கவும் காலில் ரத்தம் உறையவும் வாய்ப்பு அதிகம் என்பதால், மறுநாளே எழுந்து நடக்கவைத்தார்கள்.

ஆறு வாரம் கழித்துச் சர்க்கரை பார்க்கத் தானாகவே வந்தாள், நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு. அவளுக்கு இரண்டு மாதம், அவளும் கனத்த உடம்பு. என் காதருகே வந்து சொன்னாள்: "அக்கா, இவளத் தனியா வச்சு எடை பாருங்க."