மெஸ் பில்லுக்கு ஒரு நிதி திரட்டிய கதை

வரிவிலக்குக்காகத்தான் எல்லோரும் நன்கொடை கொடுக்கிறார்கள் என்று சொல்பவர்கள் ஒருமுறையாவது வசூலுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். வருமான வரிச் சட்டத்தில் நன்கொடைக்கு உள்ள கழிவின்படி எங்கள் முன்னாள் மாணவர் சங்கத்துக்கு 10,000 ரூபாய் கொடுத்தால், பாதித் தொகையான 5,000 ரூபாய்க்குத்தான் கழிவு. 30 சதவீத வரி கட்டுகிறவருக்கு அதில் மிஞ்சுவது செஸ்ஸோடு (வரியின் மேல் போடும் கூடுதல் வரி) சேர்த்து 1,560 ரூபாய். புதிய வரிமுறைக்குப் போனவர்களுக்கு அதுவும் கிடையாது. எங்கள் பேட்ச்சில் சம்பளக்காரர்கள் பலர் அப்படி மாறிவிட்டார்கள். ஆனால் அதைக் காரணம் சொல்லி யாரும் கொடுப்பதை நிறுத்தவில்லை.

நாங்கள் தொண்ணூறுகளில் ஓர் அரசுப் பொறியியல் கல்லூரியில் படித்தவர்கள். வசதியில்லாத மாணவர்களுக்கு ஃபீஸ் கட்ட ஒரு நிதி தொடங்கலாம் என்று பேட்ச் சந்திப்பில் முடிவானது. வேலை என் தலையில் விழுந்தது. முதலில் விடுதி வார்டனைப் பார்க்கப் போனேன். "சார், இங்க ஃபீஸ் பிரச்சனையே இல்ல. மெஸ் பில்தான் பிரச்சனை" என்றார்.

அவர் விளக்கிய பிறகுதான் கணக்கு புரிந்தது. அரசுக் கல்லூரியில் கல்விக் கட்டணம் ஏற்கெனவே குறைவு. முதல் பட்டதாரிக்குச் சலுகை இருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவர்களுக்கு 2021 முதல் கல்விக் கட்டணத்தோடு விடுதிச் செலவையும் அரசே ஏற்கிறது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. இவை எல்லாவற்றுக்கும் நடுவில் விழுகிறவர்கள் இருக்கிறார்கள். அண்ணன் பி.ஏ. முடித்திருந்தால் தம்பி முதல் பட்டதாரி இல்லை. எட்டாவது வரை ஊரில் இருந்த சின்ன மெட்ரிக் பள்ளியில் படித்துவிட்டு, அப்பாவுக்கு வேலை போனதும் அரசுப் பள்ளிக்கு மாறிய பையனுக்கு ஒதுக்கீடும் இல்லை, மாத ஆயிரமும் இல்லை. மெஸ்ஸோ டிவைடிங் சிஸ்டம். மாதச் செலவைச் சாப்பிட்ட நாட்களுக்குப் பங்கு போட்டால் தலைக்கு மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குப் பக்கம் வரும். இரண்டு செமஸ்டர் பாக்கி சேர்ந்துவிட்டால் பையன் வார இறுதியில் கேட்டரிங் வேலைக்குப் போகிறான், இல்லையென்றால் ஊருக்குப் போய் வராமலே இருந்துவிடுகிறான்.

இதை அப்படியே எழுதி வாட்ஸ்ஆப் குழுவில் போட்டேன். "கல்விக்கு உதவுங்கள்" என்று அதற்கு முன் போட்ட செய்திகளுக்குக் கைகூப்பும் படங்கள்தான் பதிலாக வந்திருந்தன. மெஸ் பில் என்றதும் போன் வர ஆரம்பித்தது. விடுதியில் இருந்த ஒவ்வொருவருக்கும் அந்தச் சொல்லோடு ஒரு கணக்கு பாக்கி இருந்தது. ஒருவருக்காக அவருடைய அறைத்தோழன் சங்கிலியை அடகு வைத்திருக்கிறார். அந்தத் தோழன் இப்போது இல்லை, அதனால் இங்கே கொடுக்கிறேன் என்றார். இன்னொருவர் விடுதியிலேயே தங்கியதில்லை, தினமும் பஸ்ஸில் வந்தவர். அவர் கொடுத்தது அம்மாவின் பெயரில். பெயர்ப் பலகை வைக்க முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். இதில் தயங்க என்ன இருக்கிறது? கோயில் கட்டளையில் இருந்து நம் ஊரில் கொடைக்கும் பெயருக்கும் உறவு உண்டு. பெயருக்காகக் கொடுக்கிறார்கள் என்று முகம் சுளித்தவர்களில் பலர் பெயர் இல்லாமலும் கொடுக்கவில்லை.

உயிலில் எழுதிவைத்துவிடுகிறேன் என்ற நண்பருக்கு மட்டும் பச்சையப்ப முதலியார் கதையைச் சொன்னேன். அவர் 1794-ல் உயில் எழுதிவிட்டு இறந்தார். சொத்து வழக்கில் சிக்கி, அந்தப் பணத்தில் பள்ளி திறந்தது 1842-ல், கல்லூரியானது 1889-ல். "சரி, சரி, இப்பவே அனுப்புறேன்" என்றார்.

அடுத்த தகராறு, பணத்தை வங்கியில் போட்டு வட்டியில் உதவுவதா, அந்தந்த ஆண்டே செலவழிப்பதா என்பது. மூத்த பேட்ச்காரர்களுக்கு மூலதனம் அழியக் கூடாது. ஆனால் வட்டி 12 சதவீதம் இருந்த காலத்தில் வைத்த பத்தாயிரம் ரூபாய் ஆண்டுக்கு 1,200 தந்தது. இன்று 7 சதவீதத்தில் அது 700 ரூபாய், ஆறு நாள் சாப்பாட்டுக்குத்தான் வரும். பத்து லட்சம் போட்டாலும் வருகிற 70,000 இரண்டு பேருக்கு ஒரு வருட மெஸ் பில்லோடு முடிந்துவிடும். கடைசியில் இரண்டும் வைத்தோம். மூலநிதிக்குத் தருகிறவர் அது மூலநிதிக்கே என்று எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று ஆடிட்டர் கறாராகச் சொன்னார். மற்றவர்கள் மாதம் 500 ரூபாய் தானாகப் போகும்படி வங்கியில் சொல்லிவைத்தார்கள். என் அனுபவத்தில் இந்த 500 ரூபாய்க்காரர்கள்தான் நிதியை ஓட்டுகிறார்கள்.

காகித வேலை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் வரிக்கழிவு இல்லை. சங்கம் நன்கொடை விவரத்தை வருமான வரித்துறையிடம் தாக்கல் செய்ய, கொடுத்தவரின் பான் எண் வேண்டும்; அதைக் கேட்டால் பணம் கேட்டதைவிடக் கூச்சமாக இருக்கிறது. வெளிநாட்டு நண்பர்களில் துபாயில் இந்தியப் பாஸ்போர்ட்டோடு இருப்பவர் தன் சேமிப்பில் இருந்து அனுப்பலாம். அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை, அதற்குத் தனி அனுமதி வேண்டும், எங்கள் சங்கத்துக்கு அது இல்லை. அந்த நண்பர் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் இறுதியாண்டு மாணவர்களுக்கு நேர்காணல் பயிற்சி தருகிறார்.

கொடுக்க மறுத்தவர்களும் உண்டு. எங்களில் மிகவும் கஷ்டப்பட்டுப் படித்த ஒருவர், "எனக்கு யாரு குடுத்தா?" என்று போனை வைத்துவிட்டார். பல மாதங்கள் கழித்து அவரே அழைத்து, "மேடையில ஏத்தி போட்டோ எடுப்பீங்களா?" என்றார். இல்லை, பணம் நேராக மெஸ் கணக்குக்குப் போகிறது, பையன் யார் என்று எங்களுக்கே தெரியாது என்றேன். பள்ளியில் இலவச யூனிஃபார்மோடு மேடையில் நின்ற நாளை அப்போதுதான் சொன்னார். அப்புறம் அவரும் 500 ரூபாய்க்காரர்.

பெரிய சண்டை அரியரில், அதாவது தேறாமல் நிற்கும் பாடங்களில் வந்தது. அரியர் இருப்பவருக்கு உதவி இல்லை என்று விதி வைக்க வேண்டும் என்றார்கள் அன்றைய முதல் வகுப்புக்காரர்கள். நாம் தருவது வீணாகக் கூடாது என்ற அவர்கள் கவலை நியாயமானதுதான். ஆனால் வார இறுதி முழுக்கப் பந்தியில் பரிமாறிவிட்டுத் திங்கட்கிழமை தேர்வெழுதுகிறவனுக்கு அரியர் விழாமல் யாருக்கு விழும்? வார்டன் ஒரு வழி சொன்னார்: மதிப்பெண்ணை விடுங்கள், தேர்வெழுதவே 75 சதவீத வருகை வேண்டும், அதை மட்டும் பாருங்கள். அப்படியே தீர்மானம் எழுதினோம். இருவர் மட்டும் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை. அவர்கள் பங்கை முதலிடம் வாங்குகிற மாணவருக்குத் தனிப் பரிசாக மாற்றிக்கொண்டார்கள்.

போன செமஸ்டரில் வார்டனிடம் கேட்டேன். மூன்று அரியரோடு நிதிக்குள் வந்த பையன் இரண்டை முடித்துவிட்டானாம். எம்-3 என்கிற மூன்றாவது கணிதத் தாள் மட்டும் நிற்கிறது. குழுவில் இதைச் சொன்னதும் எங்கள் ஆட்களே தாங்கள் எம்-3-ஐ எத்தனையாவது தடவையில் தாண்டினோம் என்று எழுத ஆரம்பித்துவிட்டார்கள்.