தடயவியல் படிப்பும் பிரவுன் கவரும்

எம்.எஸ்சி. தடயவியல் சேர வருகிற பிள்ளைகளிடம் ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டால், பெரும்பாலும் சம்பவ இடத்தைத்தான் சொல்வார்கள். பவுடர் தூவி எடுக்கிற கைரேகை, ரத்தக் கறை பட்ட இடத்தில் தெளித்தால் இருட்டில் நீலமாக ஒளிரும் லூமினால் என்ற ரசாயனம். நானும் அந்த ஆசையில் சேர்ந்தவள்தான், ஆசையில் தப்பே இல்லை. ஆனால் இத்தனை வருடம் ஆய்வகத்தில் வேலை பார்த்த பிறகு, பயிற்சியில் எதற்கு நேரம் ஒதுக்குகிறோம், எதை ஓரமாகத் தள்ளுகிறோம் என்பது உறுத்துகிறது.

கல்லூரியில் ஓர் அறையில் பொம்மையைக் கிடத்தி மாதிரி சம்பவ இடம் அமைப்பார்கள். முதலில் முழு அறை, அப்புறம் நடுத்தூரம், கடைசியில் அளவுகோல் வைத்து நெருக்கத்தில் என்று படம் எடுப்போம், ஸ்கெட்ச் போடுவோம். நல்ல பயிற்சிதான். ஆனால் எடுத்ததை எதில் போடுவது என்று சொல்லித்தர ஒரு முழு பீரியடுகூடக் கிடைக்காது. ரத்தம் பட்ட சட்டையை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் நம்ம ஊர் வெக்கையில் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடித்துவிடும், டிஎன்ஏ சிதைந்துபோகும். நிழலில் உலர்த்திக் காகிதக் கவரில் போட வேண்டும். தீ வைப்பு வழக்கில் இது அப்படியே தலைகீழ். கரிந்த துணியைக் காகிதத்தில் சுற்றி அனுப்பினால் பெட்ரோலும் மண்ணெண்ணெயும் வழியிலேயே ஆவியாகிவிடும், காற்றுப் புகாத டப்பா வேண்டும். பாடப் புத்தகத்தில் இது இரண்டு வரி. கெட்டுப்போன பார்சலைப் பிரிக்கும்போது வருகிற வாடையில்தான் அந்த வரிகளின் அருமை தெரியும்.

நான் பயிற்சி எடுத்தது விஷங்களைக் கண்டறியும் நச்சுயியல் பிரிவில். தமிழ்நாட்டில் இது பழைய வேலை, 1849-ல் சென்னையில் தொடங்கிய ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம்தான் இன்றைய தடய அறிவியல் துறைக்கு வேர். பூச்சி மருந்து, அரளி விதை, ஒடுவந்தழை என்ற விஷச் செடியின் இலை, கோவை திருப்பூர் பக்கம் என்றால் சாணிக்குப் பதிலாக வாசலில் தெளிக்கும் சாயமான சாணிப் பவுடர் என்று இந்த மண்ணின் துயரமெல்லாம் கண்ணாடி பாட்டில்களில் வந்து சேரும். இறந்தவரின் வயிறும் அதில் இருந்தவையும், கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் கெடாமல் இருக்கச் செறிவான உப்புக் கரைசலில் இருக்கும். கூடவே வெறும் உப்புக் கரைசல் தனி பாட்டிலில் வர வேண்டும், கரைசலிலேயே விஷம் கலந்திருக்கவில்லை என்று காட்டுவதற்கு. லேபிளில் உள்ள பெயர், குற்ற எண், பாட்டில் மேல் உள்ள அரக்கு முத்திரை, கடிதத்தோடு வந்த மாதிரி முத்திரை, எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பார்த்து எழுதிய பிறகே மூடியைத் திறப்போம். ஆரம்பத்தில் இது குமாஸ்தா வேலை மாதிரி தோன்றும். இல்லை, பின்னால் நாம் சொல்லப்போகும் ஒவ்வொரு முடிவும் இதன் மேல்தான் நிற்கிறது.

அதைவிட முக்கியமானது, சோதனை எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவு மட்டும் எழுதுவது. பினால்ப்தலீன் என்ற ரசாயனத்தால் செய்யும் சோதனையில் கறையைத் துடைத்த பஞ்சு ரோஸ் நிறமானால் ரத்தமாக இருக்கலாம் என்றுதான் பொருள், சில காய்கறிச் சாறுகளுக்கும் அந்த நிறம் வரும். மனித ரத்தமா என்பது அடுத்த சோதனை, யாருடையது என்பது அதற்கும் அடுத்தது. அதேபோல உள்ளுறுப்பு அறிக்கையில் 'நச்சுப்பொருள் காணப்படவில்லை' என்றால் நாங்கள் செய்த சோதனைகளில் அகப்படவில்லை என்று அர்த்தம். மருத்துவமனையில் சில நாள் சிகிச்சையில் இருந்து இறந்தவர் உடலில் விஷம் குறைந்து மறைந்தும் போயிருக்கலாம். மகளைப் பறிகொடுத்த பெற்றோர் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு 'அப்போ விஷமே இல்லையா மேடம்?' என்று கேட்கும்போது, இதை நிதானமாக விளக்கவும் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எந்தப் பாடத்திட்டத்திலும் நான் இதைப் பார்த்ததில்லை.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 7 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு நேரில் போக வேண்டும் என்கிறது. மாநிலங்கள் தயாராக 5 ஆண்டு அவகாசம் உண்டு. அதற்குள் நிறையப் பேர் தேவைப்படுவார்கள், இப்போது படிக்கிற பிள்ளைகள்தான் போவார்கள். போகிறவர்கள் ஒருநாள் சாட்சிக் கூண்டிலும் ஏறுவார்கள். அதனால் செமஸ்டருக்கு ஒருமுறையாவது, மாணவர் எழுதிய அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு குற்றவியல் வழக்கறிஞர் அரை மணி நேரம் குறுக்கு விசாரணை செய்யட்டும். கவரை யார் ஒட்டினார், எத்தனை மணிக்கு, அதுவரை எங்கே இருந்தது என்று கேட்கட்டும். பக்கத்துச் சட்டக் கல்லூரியோடு பேசினாலே இதைச் செய்துவிடலாம்.