திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டிய ஆட்டக்காரர்கள்

என் தம்பி கனடாவில் கியூபெக் மாகாணத்துச் சின்ன ஊர் ஒன்றில் இருக்கிறான். மொன்றியலில் சில வருஷம் சாப்பாட்டுக் கடைச் சமையலறைகளில் நின்றான். பிறகு வாடகை குறைவு என்று அந்த ஊருக்குப் போனவனுக்கு அங்கே ஐஸ் அரங்கில் வேலை கிடைத்தது. பகலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சறுக்கப் பழகுகிற இடம். வெள்ளி இரவில் ஊர் அணி ஐஸ் ஹொக்கி ஆடும். அங்கே இரவு ஏழரை மணி என்றால் குளிர்காலத்தில் கொழும்பில் சனிக்கிழமை காலை ஆறு மணி. தம்பி போனைக் கண்ணாடித் தடுப்பில் சாய்த்து வைத்து வீடியோவில் அழைப்பான். கொட்டாஞ்சேனை வீட்டில் அப்பாவும் நானும் பிளேன்டீயோடு உட்கார்ந்துவிடுவோம். முதலில் அவன் முகத்தைப் பார்க்கத்தான் உட்கார்ந்தோம். இப்போது அவன் குறுக்கே வந்தால் அப்பா "தள்ளடா, மறைக்குது" என்கிறார்.

அந்த அணியில் ஆடுகிறவர்கள் அரைத் தொழில்முறை ஆட்டக்காரர்கள். ஆட்டத்துக்கு இவ்வளவு என்று ஒரு சின்னத் தொகை கையில் கிடைக்கும். அதை வைத்து வீடு நடத்த முடியாது. கூரை வேலை செய்கிறவர், லொறி ஓட்டுகிறவர், பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்கிறவர், மாட்டுப் பண்ணை வைத்திருக்கிறவர் என்று எல்லாரும் வேறு வேலை பார்க்கிறவர்கள். வட அமெரிக்காவின் பெரிய லீக்கான என்.எச்.எல்.லில் 2023-24 பருவத்தில் ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய ஆகக் குறைந்த வருடச் சம்பளமே 7,75,000 அமெரிக்க டொலர். ஆட்டத்தின் விதிகள் இருவருக்கும் பெரும்பாலும் ஒன்றுதான். 200 அடி நீளம், 85 அடி அகலமான அதே ஐஸ் தரை, இருபது நிமிஷமாக மூன்று பகுதிகள், கோல் காப்பாளரோடு சேர்த்துப் பக்கத்துக்கு ஆறு பேர். பந்துக்குப் பதிலாக அடிக்கிற 'பக்' என்ற வட்டும் அதேதான். ஒரு அங்குலத் தடிப்பும் மூன்று அங்குல விட்டமும் கொண்ட ரப்பர் வட்டு, 170 கிராம் வரை நிறை இருக்கும். துள்ளாமல் சறுக்க வேண்டும் என்று அதை ஆட்டத்துக்கு முன் உறைய வைப்பார்கள். அது நெஞ்சில் பட்டால் யாருக்கும் ஒரே வலிதான்.

கியூபெக்கில் இந்த மாதிரி லீக்குகளில் பெயர் போனது எல்.என்.ஏ.எச். 1996-இல் வேறு பெயரில் தொடங்கியது. தம்பியின் ஊர் அணி அதற்கும் கீழ்ப்படியில் இருப்பது. ஆனாலும் எல்.என்.ஏ.எச். அணிகளைப் பற்றித்தான் அந்த ஊரில் பேச்சு. அணியின் பெயரையே காசு தருகிற நிறுவனத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். செயின்ட் ஜோர்ஜ் என்ற ஊரின் அணிக்கு ஒரு எஃப்.எம். வானொலியின் பெயர் இருந்தது. தெட்ஃபோர்ட் மைன்ஸ் அணிக்கு ஒரு காப்புறுதி நிறுவனத்தின் பெயர். தெட்ஃபோர்ட் மைன்ஸ் அஸ்பெஸ்டஸ் சுரங்கத்தால் வளர்ந்த ஊர். நம் வீடுகள் பலவற்றுக்கு மேலே கிடக்கிற கூரைத் தகட்டில் கலக்கிற அதே பொருள். 2011, 2012 அளவில் கனடாவின் கடைசிச் சுரங்கங்களும் நின்றுபோயின. சுரங்கம் போன பிறகும் ஹொக்கி அணி இருந்தது. வார முடிவில் ஊர் ஒன்றுகூட ஒரு இடம் வேண்டும் அல்லவா?

எனக்கு ஆகப் பிடித்த ஆட்டக்காரர் அந்த மாட்டுப் பண்ணைக்காரர். தடுப்பாட்டக்காரர், 24-ஆம் இலக்கம், நாற்பதை நெருங்குகிறவர். "அக்கா, இந்தாள் விடிய அஞ்சு மணிக்கு மாடு கறந்துபோட்டு, பின்னேரமும் கறந்துபோட்டுத்தான் வந்து நிக்கிறார்" என்று தம்பி முதலில் சொன்னபோது அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு நாள் ஆட்டத்துக்கு முன் தம்பி போனை உடுப்பு மாற்றும் அறை வாசலுக்குக் கொண்டுபோனான். மனுஷன் வாங்கில் உட்கார்ந்து மட்டைக்குக் கறுப்பு டேப் சுற்றிக்கொண்டிருந்தார். மட்டையின் குதிப் பக்கத்தில் தொடங்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தினதைக் கொஞ்சம் மூடும்படி, நுனி வரை. சுற்றி முடித்து டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தார். பிறகு மெழுகுக் கட்டி ஒன்றை எடுத்து டேப்பின் மேல் அழுத்தித் தேய்த்தார், ஈரப் பனி ஒட்டாமல் இருக்க. விரல் மூட்டுகள் தடித்து வெடித்துக் கிடந்தன. பெருவிரல் நகம் ஒன்று கறுத்துப் போயிருந்தது. தம்பி எங்களைக் காட்டி ஃபிரெஞ்சில் ஏதோ சொல்ல, அவர் போனைப் பார்த்து மட்டையை ஒருமுறை தூக்கிக் காட்டினார். அப்பா கை கூப்பினார்.

ஆட்டத்தில் அவர் வேகமானவர் இல்லை. ஐஸில் ஒரு ஆளின் முறை முக்கால் நிமிஷம்தான். அதற்குள் முழு மூச்சையும் கொடுத்துவிட்டு வாங்குக்குத் திரும்ப வேண்டும். இளம் பொடியங்கள் ஒன்றரை நிமிஷம் நின்று கால் தளர்ந்து கோல் வாங்கிக் கொடுப்பார்கள். இவர் ஒருநாளும் அப்படி நின்றதை நான் பார்க்கவில்லை. எதிராளி வரும் கோணத்தைப் பார்த்து, ஓடாமலே அவனைச் சுவரோரம் தள்ளிக்கொண்டு போய்விடுவார். அதைப் பார்க்க எனக்கு அலுப்பதே இல்லை.

பகுதிகளுக்கு நடுவில் தம்பியின் நேரம் வரும். சம்போனி என்கிற வண்டியை ஓட்டுவது அவன்தான். கீழே இருக்கிற நீளமான கத்தி வெட்டுப்பட்ட ஐஸைச் சீவி எடுக்க, பின்னால் ஒரு துணி சுடுதண்ணியைப் பரப்பிக்கொண்டு வரும். சுடுதண்ணி மேற்பரப்பைக் கொஞ்சம் உருக்கி, அதோடு ஒட்டி உறைவதால்தான் தரை கண்ணாடி மாதிரி வரும். 1949-இல் இதைச் செய்தவர் ஃபிராங்க் சம்போனி, கலிஃபோர்னியாவில் ஐஸ் கட்டி வியாபாரம் செய்தவர். குளிர்சாதனப் பெட்டி வந்து அந்த வியாபாரம் படுத்துவிட, சறுக்கு அரங்கு கட்டினார். தரையைச் சீர்செய்ய ஆட்களுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடித்த வேலையை இந்த வண்டி சில நிமிஷத்தில் முடித்துவிட்டது. தம்பி சுற்றி வரும்போது அரங்கில் பிள்ளைகள் கை காட்டுவார்கள். கொட்டாஞ்சேனையில் நானும் காட்டுவேன்.

இந்த மாதிரி ஆட்டக்காரர்களை இரண்டாந்தரம் என்று சொல்கிறவர்களுக்கு நான் டிரெயில் என்ற ஊரைச் சொல்வேன். பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைகளுக்குள், ஈயமும் துத்தநாகமும் உருக்குகிற பெரிய ஆலை இருக்கிற ஊர். அந்த நாளில் உலகப் பட்டப் போட்டிக்குக் கனடா தேசிய அணி என்று ஒன்றைச் சேர்த்து அனுப்புவதில்லை, ஏதாவது ஒரு ஊர்க் கழகத்தைத்தான் அனுப்பும். 1955-இல் பென்டிக்டன் போய் வென்றது, 1958-இல் விட்பி. டிரெயிலின் அணியான ஸ்மோக் ஈட்டர்ஸ் 1939-இலும் 1961-இலும் வென்றது. ஆலையில் வேலை செய்தவர்கள் நிறைந்த அணி. 1961 மார்ச் 12 அன்று ஜெனீவாவில் சோவியத் ஒன்றியத்தை 5-1 என்று அடித்தார்கள். சோவியத் ஆட்டக்காரர்களுக்கு வருஷம் முழுக்கப் பயிற்சிதான் வேலை. டிரெயில்காரர்களுக்கு வீட்டில் வேறு வேலை காத்திருந்தது. அதற்குப் பிறகு கனடா மறுபடி உலகப் பட்டத்தை வெல்ல 1994 ஆகிவிட்டது.

அந்த அணியின் கோல் காப்பாளர் செத் மார்ட்டின். முகமூடியைத் தன் கையாலேயே செய்து போட்டுக்கொண்டவர். 1967-68-இல் செயின்ட் லூயிஸ் புளூஸ் அணிக்காக என்.எச்.எல்.லில் ஒரே ஒரு பருவம் ஆடிவிட்டு, டிரெயிலுக்கும் தன் தீயணைப்பு வேலைக்கும் திரும்பிவிட்டார். இதை அப்பாவுக்குச் சொன்னபோது, "கெட்டிக்காரன்" என்றார். நிரந்தர வேலையின் அருமையைக் கொழும்புத் தமிழனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இன்னொருவர் ஸ்கொட் ஃபோஸ்டர், என்னைப் போலக் கணக்கு வேலை செய்கிறவர். 2018 மார்ச்சில் சிக்காகோவின் என்.எச்.எல். அணியின் கோல் காப்பாளர்கள் அடுத்தடுத்துக் காயப்பட, அவசரத்துக்கு என்று அரங்கில் இருந்த இந்த 36 வயது மனிதர் கடைசி 14 நிமிஷம் நின்று ஏழு அடிகளைத் தடுத்தார். ஒன்றும் உள்ளே போகவில்லை. எங்கள் கந்தோரில் எல்லாருக்கும் அந்த வீடியோவைக் காட்டியிருக்கிறேன்.

எனக்குப் பிடிக்காதது சண்டை. வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹொக்கியில் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு இருவர் குத்திக்கொண்டால் ஐந்து நிமிஷத் தண்டனை, அவ்வளவுதான். எல்.என்.ஏ.எச். இதற்கென்றே பெயர் பெற்ற லீக். அதைப் பார்க்கவே காசு கொடுத்து வருகிறவர்கள் உண்டு என்கிறான் தம்பி. என்.எச்.எல்.லில் சண்டைக்காரராக இருந்த டெரிக் பூகார்ட் 2011-இல் 28 வயதில் இறந்தபோது, தலையில் திரும்பத் திரும்ப அடிபட்டவர்களுக்கு வருகிற சி.டி.இ. என்ற மூளை நோய் அவருக்கு இருந்தது தெரியவந்தது. கியூபெக்கின் ஜூனியர் லீக் 2023-இல் சண்டைக்குத் தடை போட்டது. பெரியவர்களின் லீக்குகளும் செய்ய வேண்டும். மாதம் கோடிக்கணக்கில் வாங்குகிறவனுக்கே அது நியாயமில்லை. திங்கட்கிழமை காலை லொறி எடுக்க வேண்டியவனிடம், சனம் கைதட்டுகிறது என்பதற்காகத் தலையைக் கேட்பது அநியாயம்.

இனி அப்பாவின் கதைக்கு வருகிறேன். அவர் துறைமுகப் பக்கம் ஒரு கிடங்கில் நாட்சம்பளத்துக்கு வேலை செய்தவர், பின்னேரங்களில் உதைபந்தாட்டக்காரர். கொம்பனித்தெரு மலே வீதி சிட்டி லீக் மைதானத்தில் ஆடியிருக்கிறார். வென்றால் பஸ் காசும் கொத்துரொட்டியும், சில நாள் ஒரு கடித உறையும் கிடைக்கும். ஒரு மழைநாள் ஆட்டத்தில் வலது முழங்கால் திருகிக்கொண்டது. பெரியாஸ்பத்திரியில் ஒரு சதமும் வாங்காமல் நன்றாகப் பார்த்தார்கள். ஆனால் கட்டுப் போட்டுப் படுத்திருந்த மாதங்களுக்குக் கிடங்கிலிருந்து சம்பளம் இல்லை. கழகத்தில் இரண்டொருவர் அரிசி கொண்டுவந்து தந்தார்கள். அம்மா தையல் மெஷினில் விடியும் வரை இருந்ததை நானும் தம்பியும் பார்த்துக்கொண்டு படுத்திருப்போம்.

போன குளிர்காலத்தில் 24-ஆம் இலக்கம் சுவரில் மோதிக் காறை எலும்பு முறிந்தது. விழுந்த விதத்தைப் பார்த்ததுமே அப்பா கேட்டார்: "மாட்டை ஆர் கறக்கிறது?" ஆஸ்பத்திரிச் செலவைப் பற்றி அவர் கேட்கவில்லை. கியூபெக்கிலும் அது பொதுக் காப்புறுதியில் வந்துவிடும். இரண்டு நாட்டிலும் வைத்தியம் இலவசம். வேலைக்குப் போக முடியாத நாளுக்குத்தான் கையைப் பிசைய வேண்டியிருக்கிறது. இந்த ஆட்டத்தைப் பற்றி நான் யோசிப்பதில் பாதி இதுதான்.

அந்த ஊர் என்ன செய்தது என்று கேளுங்கள். அங்கே ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு சீட்டு விற்பார்கள். சேர்ந்த காசில் பாதி சீட்டு விழுந்தவருக்கு, மீதிப் பாதி கழகத்துக்கு. கனடா முழுக்க இருக்கிற பழக்கம். அவர் எழும்பும் வரை கழகம் தன் பாதியைப் பண்ணைக்குக் கொடுத்தது. அந்தக் காசில் கறக்க ஒரு கூலியாள் வைத்தார்கள். எதிரணி ஊரில் நடந்த ஆட்டத்திலும் சீட்டுக் காசு இவருக்கே வந்தது. தம்பி இதைச் சொன்னபோது அப்பா ஒன்றும் பேசாமல் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "உங்கட கந்தோர்ப் பொடியங்களுக்கும் இப்பிடி ஒண்டு செய்யலாமே, பிள்ளை" என்றார்.

செய்யலாம். கோட்டையில் நான் வேலை செய்கிற கந்தோருக்கு ஒரு உதைபந்தாட்ட அணி உண்டு. கிடங்குப் பொடியங்களும் சாரதிமாரும்தான் ஆடுகிறவர்கள், அவர்களில் பலர் ஒப்பந்த ஊழியர்கள். மாதச் சம்பளத்தில் விருப்பப்பட்டவர்களிடம் நூறு ரூபா பிடித்து ஒரு நிதி. ஆட்டத்தில் காயப்பட்டு வேலைக்கு வர முடியாதவருக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி, மூன்று மாதம் வரை. கணக்குப் போட்டுப் பார்த்தேன், கட்டுப்படியாகிறது. நலன்புரிச் சங்கத்துக்குக் கடிதம் கொடுத்துவிட்டேன். வைத்தியச் சான்றிதழ் கேட்பதா, யார் கையெழுத்துப் போடுவது, வெளி ஆட்டங்களில் பட்ட காயமும் சேருமா என்பதெல்லாம் இன்னும் பேச வேண்டியிருக்கிறது. உங்கள் வேலைத்தளத்தில் இப்படி ஒன்று ஏற்கெனவே நடக்கிறது என்றால், அதன் விதிகளை எப்படி எழுதினீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள். வெளி ஆட்டங்கள் பற்றிய விதிதான் எனக்கு முக்கியமாக வேண்டும்.