இரண்டு சென்டில் கன்டெய்னர் வீடு: திருநெல்வேலிப் பக்கம் அனுமதி முதல் மின்இணைப்பு வரை

“அண்ணாச்சி, இது வண்டி மாதிரிதான். அஸ்திவாரம் கிடையாது, அனுமதியும் வேண்டாம்.” பெட்டி வீடு விற்கிறவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது இதுதான். இதை நம்பி முன்பணம் கொடுத்துவிட வேண்டாம். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் ‘கட்டடம்’ என்பதற்கு உள்ள விளக்கத்தில் செங்கல், மரம், மண், உலோகம் எல்லாமே வருகிறது. குடிசையும் கொட்டகையும்கூட வருகிறது. இரும்புப் பெட்டிக்கு விலக்கு இல்லை. வாட்ச்மேன் அறையாகவோ தோட்டத்துச் சாமான் அறையாகவோ வைத்தால் யாரும் கேட்காமல் போகலாம். கதவு எண், வீட்டு வரி, வீட்டு உபயோக மின்இணைப்பு வேண்டும் என்று போய் நிற்கும் நாளில் அது வீடுதான். அதனால் வீடாகவே நினைத்துத் தொடங்குவதுதான் செலவு குறைந்த வழி.

மனையிலிருந்து ஆரம்பிப்போம். இரண்டு சென்ட் என்பது 871 சதுர அடி. சின்ன வீட்டுக்கு அது தாராளம், ஆனால் இரண்டு சென்ட் மனை பெரும்பாலும் ஐந்து சென்டிலிருந்து வெட்டி விற்கப்படுவதாகத்தான் இருக்கும். உட்பிரிவுக்கு அனுமதி வாங்கியிருக்கிறார்களா, பட்டா தனியாகப் பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். கூட்டுப் பட்டாவை வைத்துக்கொண்டு வரைபட அனுமதிக்குப் போனால் அங்கேயே நின்றுவிடும். அங்கீகாரம் இல்லாத மனை என்றால் 20.10.2016-க்கு முன்பு மனையாகப் பத்திரம் பதிவாகியிருக்க வேண்டும். அந்த நாளுக்கு முந்தைய தாய்ப் பத்திரத்தைக் கேட்டு வாங்குங்கள். வரன்முறைப்படுத்திய ஆணையும் வேண்டும்.

தாமிரபரணிப் பாசனப் பக்கம் இன்னொரு சிக்கல் உண்டு. சேரன்மகாதேவி, முக்கூடல், ஸ்ரீவைகுண்டம் வழியில் விலை மலிவாகச் சொல்லப்படும் இடம் கிராம நிலக் கணக்கான ‘அ’ பதிவேட்டில் நஞ்சை என்றே இருக்கும். நஞ்சையை மனையாக்க மாவட்ட ஆட்சியரின் இசைவு தேவை. சின்னப் பெட்டிக்காக அந்த வழியில் இறங்குவது வீண் அலைச்சல். மேற்கே மலையடிவாரத்தில் அந்தக் கிராமம் மலையிடப் பாதுகாப்புப் பட்டியலில் வருகிறதா என்று வருவாய் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். வந்தால் அனுமதி வேறு வாசல் வழியாகப் போகும். புலப்பட (நில அளவை வரைபடம்) நகலில் ஓடையும் வாய்க்காலும் எங்கே ஓடுகின்றன என்று விரல் வைத்துப் பாருங்கள். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்துக்குப் பிறகு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தத் தேதிகளில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று பக்கத்து வீட்டில் கேட்பதுதான் நல்ல சோதனை. இரும்புப் பெட்டி வெள்ளத்தில் மிதக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

பதிவுச் செலவு இப்போது வழிகாட்டி மதிப்பில் 9 சதவீதம்: முத்திரைத் தீர்வையும் மாற்று வரியும் சேர்ந்து 7, பதிவுக் கட்டணம் 2. பத்து லட்சத்துக்குள் உள்ள சொத்தைப் பெண் பெயரில் வாங்கினால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. ஆறு லட்சத்து மனைக்கு 54,000 ரூபாய் 48,000 ஆகும். மிச்சமாகும் ஆறாயிரத்தில் கிரேன் வாடகையில் ஒரு பகுதியாவது தேறும்.

அடுத்தது பெட்டியின் அளவு. பலரும் தடுக்கி விழும் இடம் இது. தூத்துக்குடி பக்கம்தானே, பழைய கன்டெய்னர் எளிதில் கிடைக்கும் என்று 20 அடிப் பெட்டியைப் பேசி முடித்துவிடுகிறார்கள். அதன் உள் அகலம் 2.35 மீட்டர், உள் உயரம் 2.39 மீட்டர். தேசியக் கட்டட விதித்தொகுப்பு (2016) வசிக்கும் அறைக்குக் கேட்பது குறைந்தது 9.5 சதுர மீட்டர் பரப்பு, 2.4 மீட்டர் அகலம், 2.75 மீட்டர் உயரம். பரப்பு போதும், அகலம் ஐந்து சென்டிமீட்டர் குறைகிறது, உயரம் நிறையவே குறைகிறது. உயரம் கூடிய ‘ஹை க்யூப்’ பெட்டியும் உள்ளே 2.7 மீட்டரைத் தொடாது. போதாததற்கு வெயிலுக்காக உட்சுவரில் 50 மில்லிமீட்டர் பஃப் (வெப்பம் தடுக்கும் நுரை) அடித்தால் அகலம் 2.25 ஆகிவிடும்.

வழி இரண்டு. இரண்டு பெட்டிகளை ஒட்டி வைத்து நடுச்சுவரை எடுப்பது ஒன்று. அகலக் குறை தீரும், உயரக் குறை தீராது, நெளிதகட்டை வெட்டிய இடத்தில் சதுரக் குழாய்ச் சட்டம் பற்றவைக்காவிட்டால் கூரை தொய்யும். மற்றது, பழைய கன்டெய்னரையே விட்டுவிட்டு, பட்டறையில் 10 அடி அகலம், உள்ளே 9 அடி 2 அங்குல உயரம் என்று சொல்லி கேபின் செய்யச் சொல்வது. எங்கள் பரிந்துரை இரண்டாவதுதான். 10 அடி என்பது 3.05 மீட்டர், சாலையில் வாகன அகலத்தின் வரம்பு 2.6 மீட்டர். அதனால் அதைத் தகடுகளாகக் கொண்டுவந்து மனையிலேயே பூட்ட வேண்டும். முழுப் பெட்டியாகத் தூக்கிவரத் தனி அனுமதி தேவை.

பழைய கன்டெய்னர்தான் என்று முடிவு செய்தவர்கள் கதவில் உள்ள தகட்டைப் படியுங்கள். தரைப்பலகைக்கு என்ன பூச்சிமருந்து போட்டிருக்கிறார்கள் என்று அதில் இருக்கும். அந்தப் பலகைமேல் பாய் விரித்துப் படுக்க முடியாது. பெயர்த்துவிட்டு சிமென்ட் போர்டு போடுவது நல்லது.

சக்கரத்தில் வைத்துக்கொள்கிறேன், அப்போது கட்டட விதியே வராதே என்று கேட்பவர்களுக்கு: அப்போது மோட்டார் வாகனச் சட்டம் வரும். டிரெய்லருக்குத் தனிப் பதிவு வேண்டும். பதிவான வண்டியை அனுமதி இல்லாமல் மாற்றக் கூடாது என்கிறது 52-ஆம் பிரிவு. விவசாய டிராக்டர் டிரெய்லரில் வீடு பூட்டினால் இரண்டும் கெடும். நிறுத்துவது எங்கே என்பது இன்னும் பெரிய கேள்வி. தெருவோரம் முடியாது. குளத்தங்கரை, களத்துமேடு, ரோட்டுப் புறம்போக்கு எல்லாம் 1905-ஆம் ஆண்டு ஆக்கிரமிப்புச் சட்டத்தில் வரும். சக்கரம் இருப்பதால் நோட்டீஸ் வராமல் போகாது. கடைசியில் சொந்த மனையில்தான் நிறுத்த வேண்டும், அங்கே கதவு எண் வேண்டும், ஆக மறுபடியும் முதல் பத்திக்கே வந்து நிற்போம்.

வரைபட அனுமதி இப்போது எளிது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளமோ அதன்மேல் ஒரு மாடியோ என்றால் 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் இணையத்திலேயே உடனடியாகக் கிடைக்கிறது. பத்திரம், பட்டா, புலப்படம், மனைப்படம், வரைபடம் இவற்றை ஏற்றி, கட்டணத்தைக் கட்டினால் போதும். பணிமுடிவுச் சான்றும் தேவையில்லை. கட்டணம் சதுர அடிக் கணக்கு. மாநகராட்சிக்கு ஒன்று, நகராட்சிக்கு ஒன்று, பேரூராட்சி, ஊராட்சிக்கு வேறு வேறு. சின்ன வீட்டுக்கு இங்கே உண்மையான லாபம் உண்டு: 300 சதுர அடிக்கு மட்டும்தான் கட்டுகிறீர்கள். ஆனால் சரிபார்க்க ஆள் வருவதில்லை என்பதற்காகப் பக்கத்து இடைவெளியைக் குறைத்து வரையாதீர்கள். ‘சுயசான்று’ என்றால் பொய்யும் உங்கள் கையெழுத்தில்தான் இருக்கும். மழைநீர் சேகரிப்பை வரைபடத்தில் காட்டுங்கள். காருக்கு 2.5க்கு 5 மீட்டர், பைக்குக்கு 1க்கு 1.8 மீட்டர் என்று இடத்தைக் குறித்துவிட்டு அதன்பிறகு பெட்டியை எங்கே வைப்பது என்று பாருங்கள். தலைகீழாகச் செய்தால் கார் தெருவில் நிற்கும்.

இறக்கும் நாள். லாரித் தளத்தோடு பெட்டி தரையிலிருந்து நான்கு மீட்டருக்கு மேல் போகும். மின்கம்பத்துக்குக் கம்பம் போகும் கம்பி பெரும்பாலும் தப்பிவிடும். வீடுகளுக்குக் குறுக்கே தொங்கும் சர்வீஸ் வயரும் கேபிள் டிவி வயரும்தான் மாட்டும். முதல் நாளே மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் சொல்லி மின்சாரம் நிறுத்த நேரம் வாங்குங்கள். ஹைட்ரா கிரேனில் ‘14 டன்’ என்று எழுதியிருப்பது பூம் (கிரேனின் நீளும் கை) உள்ளே இருக்கும்போதுதான். சுவரைத் தாண்டி பூமை நீட்டினால் இரண்டேகால் டன் காலிப் பெட்டிக்கே திணறும்.

அஸ்திவாரம் மண்ணைப் பொறுத்தது. கன்டெய்னர் பாரம் நான்கு மூலைக் கால்களில்தான் இறங்கும். நான்கு கான்கிரீட் திண்டு போதும் என்பது செம்மண்ணுக்கும் பாறைக்கும் சரி. கங்கைகொண்டான், கயத்தாறு வட்டாரக் கரிசலில் நான்கு திண்டும் நான்கு விதமாக ஏறி இறங்கும். முதல் மழைக்காலத்தில் கதவு திறக்காது. கதவைச் செதுக்கிப் பயனில்லை; மூலை மட்டம்தான் போயிருக்கும். நான்கையும் பீமால் கட்டி, வெடிப்பு இறங்கும் ஆழத்துக்குக் கீழே பைல் (மண்ணுக்குள் இறக்கும் கான்கிரீட் தூண்) போடுவதே தீர்வு. தெற்கே வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் பக்கம் ஆனி முதல் ஆவணி வரை காற்று; தகடு கேபினை திண்டின்மேல் சும்மா உட்காரவைக்காமல் போல்ட்டால் இறுக்குங்கள். உவரி, கூடங்குளம் போல் கடல் பக்கத்தில் வெட்டிய ஒவ்வொரு விளிம்பிலும் ஜிங்க் பிரைமர் அடித்தே ஆக வேண்டும், உப்புக்காற்று அங்கிருந்துதான் தின்னத் தொடங்கும்.

சித்திரை வெயிலுக்குப் பஃப் மட்டும் போதாது. மேலே ஒன்றரை அடி இடைவெளி விட்டு ஒரு நிழல் கூரை, காற்று அந்த இடைவெளியில் ஓட வேண்டும். அதன் கால்களைப் பெட்டியில் பற்றவைக்காமல் தனியே ஊன்றுங்கள்.

கழிவுநீர்த் தொட்டிக்கு ஐந்து பேர் கணக்கில் உள்ளளவு 1.5க்கு 0.75 மீட்டர், தண்ணீர் ஆழம் ஒரு மீட்டர். உறிஞ்சு குழி குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். இரண்டு சென்டில் உங்கள் கிணற்றை விடப் பக்கத்து வீட்டுக் கிணறுதான் இடிக்கும்.

பணக் கணக்கில் விட்டுப்போவது கடன். கேபின் வீட்டுக்கு வங்கி வீட்டுக்கடன் பெரும்பாலும் கிடைப்பதில்லை, கைப்பணமாகவே வேண்டும். கலைஞரின் கனவு இல்லம் திட்டமும் 360 சதுர அடியில் 300 சதுர அடி கான்கிரீட் கூரை கேட்பதால் இதற்கு ஒத்துவராது. மின்இணைப்பைக் கட்டும்போது தற்காலிகமாக வாங்கினால் கட்டணம் அதிகம். வீட்டு வரி ரசீது வந்தவுடன் வீட்டு இணைப்புக்கு மாற்றிவிடுங்கள். அதன்பிறகுதான் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் கணக்கில் ஏறும்.