டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் அந்த மேசை காலியில்லை

சிங்கப்பூரில் மதியம் பன்னிரண்டரை மணிக்கு எந்த உணவங்காடி நிலையத்துக்குள் (பல சிறு சாப்பாட்டுக் கடைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் ஹாக்கர் சென்டர்) நுழைந்தாலும், ஆளே இல்லாத மேசைகள் நாலைந்து கண்ணில் படும். மேலே ஒரு டிஷ்யூ பாக்கெட் மட்டும் கிடக்கும். யாரோ மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று அதைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். ஐந்து நிமிடத்தில் சூடான நூடுல்ஸ் தட்டோடு ஒருவர் வந்து நிற்பார். நம்மூர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பது போலத்தான் இதுவும். உள்ளூரில் இதற்கு 'சோப்' செய்வது என்று பெயர். சட்டம் எதுவும் இதற்குத் துணையில்லை. ஆனாலும் கோட் சூட் போட்டவர் முதல் கட்டட வேலைக்காரர் வரை அந்தச் சின்னப் பொட்டலத்தை மதிக்கிறார்கள்.

இது ஏன் வந்தது என்பது உள்ளே ஒருமுறை சாப்பிட்டாலே புரிந்துவிடும். இருக்கைகள் எந்தக் கடைக்கும் சொந்தமில்லை, எல்லோருக்கும் பொது. உங்களை உட்காரவைக்க ஆள் கிடையாது. பேர் பெற்ற கடையில் கால்மணி நேரம் வரிசையில் நின்று, தளும்பும் சூப்பைத் தட்டில் ஏந்தித் திரும்பினால் உட்கார இடமிருக்காது. அதனால் முதலில் இடம், பிறகுதான் வரிசை. பொருள் ஏன் டிஷ்யூ? பெரும்பாலான கடைகளில் கை துடைக்கக் காகிதம் தருவதில்லை; எல்லோர் பையிலும் ஒரு பாக்கெட் எப்போதும் இருக்கும்; தொலைந்தாலும் நஷ்டமில்லை. குடை, அலுவலக அடையாள அட்டையின் கழுத்துப் பட்டை, விசிட்டிங் கார்டு ஆகியவையும் செல்லும். பார்த்துப் பழகிய தைரியத்தில் போனையோ பாஸ்போர்ட் பையையோ வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

தரையோடு பொருத்திய முக்காலிகள் உள்ள மேசையில், ஒரு பாக்கெட் பெரும்பாலும் அதற்கு நேரே உள்ள முக்காலிக்குத்தான். மற்ற இடங்களைக் கேட்டுவிட்டு உட்காரலாம். முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேசையில் சாப்பிடுவது அங்கே சாதாரணம். லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா நிலையத்தில் "இங்க ஆள் இருக்காங்களா?" என்று தமிழிலேயே கேட்கலாம்.

தனியாக வருபவர் இப்படி இடம் பிடிப்பது முழுக்க நியாயம். அவருக்கு வேறு வழியில்லை. ஆறு பேர் கூட்டம் இரண்டு மேசையைப் பிடித்துவைத்து ஆளுக்கொரு திசையில் அரைமணி நேரம் சுற்றுவது சரியில்லை. தட்டை ஏந்திக்கொண்டு வயதானவர்கள் நின்று தவிப்பது அதனால்தான். கூட்டமாகப் போனால் ஒருவர் உட்கார்ந்து காவல் இருங்கள், மற்றவர்கள் வாங்கி வரட்டும். அதைவிட நல்லது, பதினொன்றரைக்கோ இரண்டு மணிக்கு மேலோ போவது. அப்போது டிஷ்யூவே தேவைப்படாது.

கையில் 2, 5, 10 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நோட்டுகள் இருக்கட்டும். உள்ளூர்க்காரர்கள் கியூஆர் குறியீட்டில் செலுத்துகிறார்கள், ஆனால் வெளிநாட்டு அட்டையைப் பல கடைகளில் வாங்குவதில்லை. பார்சலுக்கு டப்பாக் காசு தனியாகச் சேரும்.

காபிக்குத் தனி வரிசை. வெறும் 'கோப்பி' என்றால் டின் பால் கலந்து நல்ல இனிப்பாக வரும். 'கோப்பி ஓ' பால் இல்லாமல் சர்க்கரையோடு. 'கோப்பி சி' இனிப்பில்லாத டின் பாலும் சர்க்கரையும். சர்க்கரையே வேண்டாமென்றால் 'கோசோங்', குறைவாகப் போதுமென்றால் 'சியு டாய்', ஐஸ் போட 'பெங்'. தேநீருக்கு 'கோப்பி' என்ற இடத்தில் 'தே' என்று மாற்றினால் போதும். நம் ஃபில்டர் காபியை எதிர்பார்க்க வேண்டாம். கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுத்து, துணிப்பையில் வடிக்கிறார்கள். நிறம் கருப்பு, கசப்பு தூக்கல். அது தனி ருசி.

சாப்பிட்டு முடித்ததும் அப்படியே எழுந்து போக முடியாது. 2021 செப்டம்பர் 1 முதல் தட்டைத் திருப்பி வைப்பது கட்டாயம். முதல் தடவை பிடிபட்டால் எழுத்தில் எச்சரிக்கை. இரண்டாம் தடவை 300 வெள்ளி அபராதம். எலும்பு, கசங்கிய டிஷ்யூ, உறிஞ்சுகுழாய் எல்லாம் தட்டோடு போக வேண்டும். தட்டுகளைத் திருப்பி வைக்கும் அடுக்குகளில் ஹலால், ஹலால் அல்லாதவை என்று தனித்தனியாக எழுதியிருக்கும். பாத்திரங்களைத் தனியே பிரித்துக் கழுவுவதால் இதில் கவனம் வேண்டும். எது எங்கே என்று சந்தேகமிருந்தால் துப்புரவுப் பணியாளரைக் கேளுங்கள், காட்டுவார். தட்டை மேசையில் விட்டால் மைனாவும் புறாவும் உடனே இறங்கிவிடும், அடுத்து உட்காருபவர்தான் அவதிப்பட வேண்டும். தெருவோரக் கடைக்காரர்களை 1970களிலும் 80களிலும் தண்ணீர்க் குழாயும் கழிவுநீர் வசதியும் உள்ள இந்தக் கூரைகளின் கீழ் கொண்டுவந்ததே சுத்தத்துக்காகத்தான். இந்த உணவங்காடிப் பண்பாடு 2020 டிசம்பரில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது.

முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது தேக்கா நிலையம்தான். லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தின் சி வாசலில் ஏறினால் பக்கத்திலேயே இருக்கிறது. கீழ்த்தளத்தில் காய்கறி, மீன், இறைச்சி விற்கும் ஈரச்சந்தையும் சாப்பாட்டுக் கடைகளும், மாடியில் துணிக்கடைகளும் தையல்காரர்களும். காலையில் போனால் சந்தையையும் சேர்த்துப் பார்க்கலாம். ஒவ்வொரு நிலையமும் அவ்வப்போது துப்புரவுக்காக முழுதாக மூடப்படும். தேதிகளைத் தேசியச் சுற்றுப்புற வாரியம் முன்கூட்டியே வெளியிடுகிறது, பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். திங்கட்கிழமை விடுமுறை விடும் கடைகளும் நிறைய.